பதிவேறாத எச்சரிக்கைகள்: வலையமைப்பு முகாமையும் மலையக மண்சரிவு அறிவித்தலும்

அனுப்பப்பட்ட எச்சரிக்கையொன்று, பெறப்படவேண்டிய இடத்திற் பதிவாகாது போதல் எவ்வாறு நிகழ்கின்றது என்னும் வினா, கணினி வலையமைப்புகளை முகாமை செய்வோர்க்கு நாளாந்தம் எழுவதாகும். மலையகத்தில் மண்சரிவு அபாயத்தின் கீழ் வாழும் பெருந்தோட்ட மக்களுக்கும் இதே வினா வேறோர் உருவில் எழுகின்றது. முன்னவர்க்கு இது தொழில்நுட்பச் சிக்கல். பின்னவர்க்கு உயிர்ப் பிரச்சினை. இவ்விரண்டையும் ஒருங்குவைத்து நோக்குவதால் ஒன்றிலிருந்து மற்றொன்று தெளிவுபெறும் என்ற எண்ணத்திலேயே இக்கட்டுரை எழுதப்படுகின்றது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் நுவரெலியா, பதுளை மாவட்டங்களைச் சார்ந்தவை; ராகலையை மையமாகக் கொண்ட கிழக்குச் சரிவு சிறப்பாக நோக்கப்படுகின்றது.

முதலில் இயந்திரத்தின் பக்கத்தைப் பார்ப்போம். வலையமைப்பொன்றிலுள்ள கருவிகளின் நலத்தை அறிவதற்கு இரு வழிகள் உள. மைய நிலையம் குறித்த கால இடைவெளியில் ஒவ்வொரு கருவியையும் வினவி விடைபெறுதல் ஒன்று. கேளாமலே கருவி தானாக முன்வந்து செய்தியனுப்புதல் மற்றொன்று. 1980களின் இறுதியில் உருவாகி, 1990 இல் நெறிப்படுத்தப்பட்ட எஸ்.என்.எம்.பி. எனும் எளிய வலையமைப்பு முகாமை நெறிமுறை இவ்விரு வழிகளையும் கொண்டது. கேளாமலே அனுப்பப்படும் செய்திக்கு அது இட்ட பெயர் ட்ராப். வினவல் கருவியின் 161 ஆம் இலக்கப் போர்ட்டுக்குச் செல்லும். ட்ராப் முகாமை நிலையத்தின் 162 ஆம் இலக்கப் போர்ட்டுக்கு வரும். வினவலுக்கு விடை கிடைக்கின்றது என்பதைக் கொண்டு ட்ராப்பும் வந்துசேரும் என்று முடிவுகட்டுதல் தவறாகும். பாதை ஒன்றாயிருப்பினும் வாயில் வேறு, திசையும் வேறு.

ட்ராப்பின் இயல்பிலேயே ஒரு குறை உள்ளது. அது யூ.டி.பி. என்னும் போக்குவரத்து முறையிற் செல்வது. அம்முறையில் அனுப்பியவர் அனுப்பியதோடு கடமை முடிந்தது. பெற்றவர் பெற்றதாகச் சொல்வதில்லை. வழியிற் செய்தி தொலைந்தால் அனுப்பிய கருவிக்கும் தெரியாது, எதிர்பார்க்காதிருந்த நிலையத்திற்கும் தெரியாது. கருவியின் கணக்கில் ‘அனுப்பப்பட்டது’ என்ற எண்ணிக்கை மட்டும் ஒன்று கூடும். இந்த எண்ணிக்கையைப் பார்த்து மனநிறைவடையும் அலுவலர்கள் கணினித் துறையில் மட்டும் உள்ளனர் என்று கூறுவதற்கில்லை.

செய்தி பதிவாகாத போது காரணத்தைத் தேடும் முறை எளியது. ஆயினும் வரிசை தவறலாகாது. செய்தி உண்மையிற் புறப்பட்டதா என்பது முதற் கேள்வி. பல கருவிகளில் ட்ராப் அனுப்பும் வசதி தொடக்கத்தில் முடக்கப்பட்டிருக்கும். அல்லது சேரவேண்டிய முகவரி குறிக்கப்படாதிருக்கும். அல்லது மாற்றப்பட்டுவிட்ட பழைய நிலையத்தின் முகவரியே இன்னும் இருக்கும். இவற்றைச் சரிபார்த்த பின், பெறும் கணினியின் வாயிலில் நின்று வருகின்ற பொட்டலங்களைக் கண்ணால் காணல் வேண்டும். டி.சி.பி.டம்ப் போன்ற கருவிகள் இதற்கு உதவும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. லினக்ஸ் கணினிகளில் இக்கருவி, உட்புறத் தீச்சுவர் பொட்டலத்தைத் தடுப்பதற்கு முன்பே அதைக் கண்டுவிடும். எனவே கருவியிற் செய்தி தென்பட்டமை, செய்தி உள்ளே நுழைந்தமைக்குச் சான்றாகாது. வாயிலுக்கு வந்ததைக் கண்டோம், அவ்வளவே.

அடுத்தது, உள்ளே வந்த செய்தி ஏற்கப்பட்டதா என்பது. பரவலாகப் பயன்படும் நெற்-எஸ்.என்.எம்.பி. தொகுதியின் பெறுநர் நிரல், 5.3 ஆம் பதிப்பு முதல், எவரிடமிருந்து வரும் செய்தியை ஏற்பது என்று வெளிப்படையாக எழுதப்படாவிடின் ஒன்றையும் ஏற்பதில்லை. தொடங்கும்போது, அனுமதி விபரம் எதுவும் இல்லை, ஆதலின் வரும் செய்திகள் ஏற்கப்படமாட்டா என்று ஒரேயொரு முறை தெரிவிக்கும். அதன்பின் வரும் செய்திகள் ஓசையின்றிக் கைவிடப்படும். பதிவுக் கோப்பு வெறுமையாய் இருக்கும். வெறுமையான கோப்பைக் காண்பவர் யாவும் நலமே என்று எண்ணுவர். பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு மாறிய நிலையங்கள் பலவற்றில் நேற்று வரை பதிவான செய்தி இன்று பதிவாகாமைக்குக் காரணம் இதுவே. கம்யூனிட்டி எனப்படும் குறிச்சொல் ஓரெழுத்து மாறினாலும் விளைவு இதுதான். மூன்றாம் பதிப்பு நெறிமுறையில் இக்கண்டிப்பு மேலும் கூடும். அதிலே ட்ராப் அனுப்பும் கருவிக்கென ஓர் அடையாள எண் உண்டு. பெறுநர் அந்த எண்ணை முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும். பழுதான கருவியை அகற்றி அதே பெயரில், அதே முகவரியிற் புதியதொன்றை வைத்தால் அடையாள எண் மாறிவிடும், செய்தி நிராகரிக்கப்படும்.

ஏற்கப்பட்ட செய்தியும் விளங்கிக்கொள்ளப்படல் வேண்டும். ட்ராப்பின் உள்ளடக்கம் புள்ளியிட்ட எண் கோவைகளாகவே வரும். அவ்வெண்கள் எதனைக் குறிக்கின்றன என்று பெயர்த்துரைக்கும் அகராதிக்கு எம்.ஐ.பி. என்று பெயர். குறித்த கருவிக்குரிய எம்.ஐ.பி. நிலையத்தில் இல்லையேல் செய்தி வெறும் எண்ணாகவே நிற்கும். ‘இனந்தெரியாதது’ என்ற வகையிற் போடப்பட்டு, அவ்வகையைக் காட்டவேண்டாம் என்ற வடிகட்டியால் மறைக்கப்படும். எஞ்சியவற்றைச் சுருங்கக் கூறலாம். வட்டு நிரம்பியிருத்தல், கோப்பில் எழுத அனுமதியின்மை, கருவியின் கடிகாரம் பிழைத்து எச்சரிக்கை வேறோர் ஆண்டின் திகதியிற் பதிவாகிக் கிடத்தல் ஆகியனவும் அடிக்கடி காணப்படும் காரணங்களாம்.

இவையனைத்திலும் சிந்தனைக்குரியது ஒன்றுண்டு. நெறிமுறையின் பொதுவான ட்ராப் வகைகளுள் ஒன்று ‘இணைப்பு அறுந்தது’ என்று அறிவிப்பது. அறுந்த இணைப்பே கருவிக்கும் நிலையத்திற்கும் இடையிலான ஒரே வழியாயின், அச்செய்தி எவ்வழியே செல்லும்? செல்லாது. மிகவும் தேவைப்படும் எச்சரிக்கையே மிகவும் இழக்கப்படக்கூடியது. இக்காரணத்தாலேயே தேர்ந்த முகாமையாளர் ட்ராப்பை மட்டும் நம்பியிருப்பதில்லை. இடையிடையே வினவுவர், விடை வாராமையையே எச்சரிக்கையாகக் கொள்வர்.

இனி மலைக்கு வருவோம். மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவிலுள்ள ஹற்றன், தலவாக்கலைப் பகுதிகள் தென்மேற்குப் பருவக்காற்றால் பெருமழை பெறுவன. ராகலை, உடப்புசல்லாவை, வலப்பனை ஆகியன கிழக்குச் சரிவைச் சார்ந்தவை. மார்கழி, தை மாதங்களின் வடகீழ்ப் பருவமழையே இவற்றுக்குப் பேராபத்து. 2007 ஆம் ஆண்டு சனவரியில் வலப்பனை, ஹங்குரான்கெத்தப் பகுதிகளில் உயிர்களைக் கொண்ட மண்சரிவுகள் இப்பருவத்திலேயே நிகழ்ந்தன. ஆகவே ஹற்றனிலுள்ள மழைமானியின் அளவைக்கொண்டு ராகலையின் நிலையை உய்த்துணர இயலாது. ஒரு பள்ளத்தாக்கிற்கும் அடுத்ததற்கும் இடையிலேயே மழை வேறுபடும் நிலம் இது.

தோட்டங்களில் மழையளத்தல் புதியதன்று. தோட்ட அலுவலகத்தில் மழைமானி வைத்து நாள்தோறும் காலையில் அளவெடுத்துப் பதிவேட்டில் எழுதும் வழக்கம் வெள்ளைக்காரத் துரைமார் காலந்தொட்டே உண்டு. கொழுந்தின் வளர்ச்சியையும் உரமிடும் காலத்தையும் கணிப்பதற்காக எழுந்த வழக்கம் அது. லயன்களுக்கு மேலுள்ள மண் எவ்வளவு நீரைக் குடித்துள்ளது என்று அறிவதற்காக அந்த மானி வைக்கப்படவில்லை. 24 மணித்தியாலத்திற்கு ஒருமுறை எடுக்கப்படும் அளவிலிருந்து, நள்ளிரவில் ஒரு மணித்தியாலத்திற் கொட்டிய மழையின் கடுமையைப் பிரித்தறியவும் முடியாது. பதிவு உண்டு, அப்பதிவிலிருந்து எச்சரிக்கை பிறப்பதில்லை.

1984 இல் நிறுவப்பட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், 1980களின் பிற்பகுதியில் நிகழ்ந்த அழிவுகளைத் தொடர்ந்து, மண்சரிவு அபாயப் படங்களை வரையும் பணியை பதுளை, நுவரெலியா மாவட்டங்களிலேயே தொடங்கியது. எச்சரிக்கைக்கு அது கையாண்டுவரும் அளவுகோல் மூன்று படிகளைக் கொண்டது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழிப்புடனிருத்தல்; 100 மில்லிமீற்றரைக் கடந்தால் வெளியேற ஆயத்தமாதல்; 150 மில்லிமீற்றரையோ, ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரையோ கடந்தால் வெளியேறுதல். இவ்வளவுகோலைக் கையாளத் தன்னியக்க மழைமானிகள் தேவை. சிறு வாளியொன்று நிரம்பிக் கவிழுந்தோறும் ஓர் எண்ணிக்கை கூடும். கூடியவை தொலைபேசிக் கோபுரங்களின் ஊடாக மையத்தை அடையும்.

மழைமானிகள் மேற்கூறிய எஸ்.என்.எம்.பி. நெறிமுறையில் இயங்குகின்றன என்பது இங்குக் கருத்தன்று. தொலைவிலுள்ள கருவி, நலிந்த வழி, மையத்திலுள்ள பெறுநர் என்ற அமைப்பு ஒன்றாயிருத்தலால் பழுதுகளும் ஒத்திருக்கின்றன என்பதே கருத்து. நிழல்மரத்து இலையொன்று மானியின் வாயை அடைத்துவிட்டால் வாளி கவிழாது. கருவியோ உயிருடன் இருக்கும். ‘மழை பூச்சியம்’ என்று ஒழுங்காக அறிவித்துக்கொண்டிருக்கும். மௌனத்தைக் கண்டுபிடிக்க வழியுண்டு. பொய்யான பூச்சியத்தைக் கண்டுபிடிப்பது கடினம். அயலிலுள்ள மானிகளின் அளவுகளோடு ஒப்பிடுதல் ஒன்றே வழி. அதற்கு அயலில் மானி இருத்தல் வேண்டும்.

கோபுரங்களும் மின்சாரமும் வீழ்ந்தால் நிகழ்வதை 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி காட்டிற்று. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்கள் பெரும் உயிரிழப்பைச் சந்தித்தன. பாதைகள் துண்டிக்கப்பட்டன, மின்சாரமும் தொலைபேசியும் பல இடங்களில் நின்றுபோயின. ஒரு காலத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை குறும்பாதைப் புகையிரதம் ஓடியது. அது நிறுத்தப்பட்டுப் பல பத்தாண்டுகள் கழிந்தன. இன்று இவ்வூருக்குச் செய்தியும் உதவியும் சேர்வது மலைச்சரிவைக் குடைந்த வீதிகளாலும் அச்சரிவின் மேல் நிற்கும் கோபுரங்களாலுமே. சரிவு பெயர்ந்தால் செய்தி செல்லும் வழியும் உடன் பெயரும். ‘இணைப்பு அறுந்தது’ என்னும் ட்ராப்பின் கதி இங்கும் பொருந்தும்.

மையத்தை அடைந்த அளவு எச்சரிக்கையாகி மக்களை அடையும் பாதை மேலும் நீண்டது. 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின்கீழ் அமைந்த நிலையம், மாவட்டப் பிரிவு, பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர் என்று அது இறங்கிவரும். கிராமமொன்றில் கிராம உத்தியோகத்தரோடு பாதை முடிந்துவிடுகின்றது. தோட்டத்திலோ அதற்கப்பாலும் ஒரு வாயில் உண்டு. அது தோட்ட நிருவாகம். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் பணியாற்றுவதற்குத் தடையாயிருந்து, 2018 இலேயே திருத்தப்பட்டது என்பதை நினைவிற் கொண்டால் இவ்வாயிலின் வலிமை விளங்கும். லயன் அறைகளுக்குத் தனி முகவரியின்றிக் கடிதங்கள் தோட்ட அலுவலகம் வழியாக விநியோகிக்கப்படும் முறை தோட்டங்களிலே நீண்டகாலம் நிலவியது. சேரவேண்டிய முகவரி குறிக்கப்படாத கருவியைப் பற்றி மேலே கூறினோம். இங்கே முகவரியே இல்லாத பெறுநரைக் காண்கின்றோம்.

மீரியபெத்தை நிகழ்வை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். 2014 ஒக்தோபர் 29 ஆம் நாள் காலை, பதுளை மாவட்டத்து கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டப் பிரிவின் லயன்கள் மண்ணுள் மறைந்தன. அவ்விடம் அபாயகரமானது, மக்கள் வேறிடத்திற் குடியேற்றப்படவேண்டும் என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தமை பின்னர் வெளிவந்தது. எனவே கருவி செயற்பட்டது, செய்தியும் புறப்பட்டது. ஆயினும் அச்செய்தி வீடாகவும் காணியாகவும் மாறவில்லை. ‘அறிவித்தோம்’ என்பது அனுப்பியவரின் கணக்கு. போவதற்கோர் இடம் தரப்படாதவரிடம் ‘போ’ என்று சொன்னதை அறிவித்தல் என்று கொள்ளலாமா என்பது வேறு வினா. தாம் வாழும் லயனுக்கோ அது நிற்கும் நிலத்திற்கோ உரிமையற்ற ஒரு மக்கட் கூட்டத்தினர், எச்சரிக்கையை முழுமையாக விளங்கிக்கொண்டாலும் அதன்படி நடக்க இயலாத நிலையிலேயே வைக்கப்பட்டுள்ளனர்.

அந்நிகழ்வில் மற்றொரு பதிவின்மையும் வெளிப்பட்டது. மண்ணுள் அகப்பட்டோர் எத்தனைபேர் என்று எவராலும் உடன் கூறமுடியவில்லை. தொடக்கத்தில் இருநூறு வரை எனச் சொல்லப்பட்ட தொகை, பின்னர் நாற்பதுக்கும் குறைவாகத் தணிந்தது. பேரளவில் தொகை குறைந்தமை ஆறுதலே. ஆனால் பறித்த கொழுந்தை நாள்தோறும் கிலோக் கணக்கில் நிறுத்தெழுதும் ஓர் அமைப்பு, எந்த லயனில் எவர் உறங்கினர் என்பதற்கு உடனே எடுத்துக்காட்டத்தக்க பதிவைக் கொண்டிராமை கவனத்திற்குரியது.

மொழியைப் பற்றியும் கூறவேண்டும். 1987 இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கிற்று. நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் 1999 இல் இருமொழி நிருவாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டன. இருந்தும் டித்வாவின்போது எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில், உரிய அளவில் வெளிவரவில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. எம்.ஐ.பி. இல்லாத நிலையத்தை அடைந்த எண்கோவைக்கும், தனக்கு விளங்காத மொழியில் வந்த குறுஞ்செய்திக்கும் உள்ள ஒப்புமை வெளிப்படை. எனினும் இவ்வொப்புமையை மிகைப்படுத்தலாகாது. கணினி செய்தியைக் கைவிடுவதில் அதற்கு யாதொரு நலனும் இல்லை; எழுதப்பட்டபடி இயங்குகின்றது. மொழிபெயர்ப்பாளர் நியமிக்கப்படாமையும், அபாயப் பிரிவில் லயன் தொடர்ந்து நிற்றலும் யாரோ ஒருவர் செலவை மீதப்படுத்தியதன் விளைவுகளாம். முன்னதைப் பழுது எனலாம். பின்னதற்கு அச்சொல் போதாது.

எதிர்த்திசைச் செய்திகளும் உண்டு. மண்சரிவுக்கு முன் நிலம் பல குறிகளைக் காட்டும். சுவரிலும் தரையிலும் வெடிப்பு தோன்றும், மரங்கள் சாயும், இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்பும், இருந்த ஊற்றுக் கலங்கும் அல்லது திடீரென வற்றும். இவற்றை முதலிற் காண்பவர் மலையிற் கொழுந்தெடுக்கும் பெண்களும் கான் வெட்டும் ஆண்களுமே. எந்தத் தன்னியக்கக் கருவியும் இவ்வளவு நெருக்கமாக மலையை வாசிப்பதில்லை. அவர்கள் கங்காணியிடம் சொல்வர். கங்காணி கணக்கப்பிள்ளையிடம் சொல்வார். அதற்குமேல் அச்செய்தி எப்பதிவேட்டில் எழுதப்படுகின்றது? வாய்மொழியாகவே சென்று வாய்மொழியாகவே மறையும் முறைப்பாட்டிற்கு இலக்கமில்லை, திகதியில்லை. பின்னர் விசாரணை நடைபெறுமிடத்து, ‘முறைப்பாடு எதுவும் கிடைக்கவில்லை’ என்ற கூற்றை மறுப்பதற்குச் சான்றுமில்லை. வாயிலிற் காணப்பட்ட பொட்டலம் உள்ளே ஏற்கப்படாமையை இதனோடு ஒப்பிடலாம். ஏற்கப்படாதது கோப்பில் இராது, கோப்பில் இராதது நிகழ்ந்ததாகவே கொள்ளப்படாது.

வலையமைப்புத் துறையினர் ட்ராப்பின் குறையை உணர்ந்து, 1993 இல் வெளியான இரண்டாம் பதிப்பில் இன்ஃபார்ம் என்றொரு செய்திவகையைச் சேர்த்தனர். இதுவும் கேளாமலே அனுப்பப்படுவதுதான். ஆயின் பெற்றவர் பெற்றதாக விடையிறுத்தல் வேண்டும். விடை வரும்வரை அனுப்பியவர் செய்தியைத் தன் நினைவகத்தில் வைத்திருந்து, குறித்த நேரத்தில் மீண்டும் அனுப்புவார். இதற்குக் கூடுதல் நினைவகமும் போக்குவரத்தும் வேண்டும். ஆதலால் அற்பச் செய்திகளுக்கு ட்ராப்பும், உயிரான செய்திகளுக்கு இன்ஃபார்மும் கொள்வது பொருத்தமாகும். அனர்த்த அறிவித்தலில் இவ்வேறுபாடு இன்னும் போதியளவு உணரப்படவில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. வானொலி அறிவிப்பும் முகநூற் பதிவும் ட்ராப் வகையின. அவை வேண்டியனவே. ஆனால் சிவப்பு எச்சரிக்கையைப் பொறுத்தவரை, குறித்த தோட்டப் பிரிவிலிருந்து ‘கிடைத்தது, வெளியேறுகின்றோம்’ என்ற விடை வரும்வரை அனுப்பியவரின் பொறுப்பு தீர்ந்ததாகக் கொள்ளலாகாது. விடை வாராவிடின் தொலைபேசி, அதுவும் இல்லையேல் ஆள் என்று அடுத்தடுத்த வழிகள் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

இதனை ஆராய விரும்பும் மாணவருக்கு ஒரு வழி கூறலாம். மழையற்ற ஒரு மாதத்தில், மையத்திலிருந்து சோதனைச் செய்தியொன்றை அனுப்பச்செய்து, அது மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர், தோட்ட அலுவலகம், கோயிலின் ஒலிபெருக்கி, கடைசி லயனின் கடைசி அறை ஆகிய ஒவ்வோர் இடத்தையும் எத்தனை மணிக்கு, எம்மொழியில் அடைந்தது என்று குறித்தல். செய்தி நின்றுபோன இடத்தை, வலையமைப்புப் பொறியியலாளர் தேடும் அதே வரிசையில் தேடுதல் வேண்டும். ராகலையைச் சூழவுள்ள தோட்டங்களில் இச்சோதனையை ஐப்பசிக்கு முன் நடத்துதல் நன்று. ஹற்றன் பக்கத்தில் அது சித்திரைக்கு முன் முடிந்திருத்தல் வேண்டும்.